வேலிடேட் போடாதே, தம்பி



உன் கேள்விக்கு முதலில் பதில்: வேலிடேட் கட்டளையைப் போடாதே. அந்த ஃபிளாப்பியின் முழு நகல் உன் கணினியில் பத்திரமாக வந்து சேரும்வரை போடவே போடாதே. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

டைரக்டரியை லோட் செய்தால் திரை 'லோடிங்' என்பதோடு நின்றுவிடுகிறது, 'ரெடி' வருவதேயில்லை என்று எழுதியிருந்தாய். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தாய்: டிரைவின் சிவப்பு விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்கிறது என்று. எனக்கு வேண்டியிருந்தது அந்த வரிதான். கமடோரின் 1541 டிரைவ் ஒரு செக்டாரைப் படிக்க முடியாமல் தோற்றுப்போனால் விளக்கு சிமிட்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே தலை போய் முட்டித் தடதடக்கும் சத்தமும் கேட்கும். உன் டிரைவ் அப்படி எதுவும் செய்யவில்லை. அதன் கணக்குப்படி எல்லாம் சரியாகவே நடக்கிறது. ஒரு செக்டாரைப் படித்து அனுப்புகிறது, அடுத்தது எது என்று பார்த்து அதையும் படித்து அனுப்புகிறது. அந்த 'அடுத்தது' எங்கோ ஓரிடத்தில் ஏற்கெனவே படித்த செக்டாருக்கே திரும்பிவிடுகிறது. உன் ஃபிளாப்பி கெட்டுப்போகவில்லை, டைரக்டரியின் சங்கிலிதான் வளையமாகிவிட்டது. காலி இடக் கணக்கைப் புதிதாகக் கட்டும் வேலிடேட்டும் இதே சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். அதுவும் இந்த வளையத்தில்தான் போய்ச் சுற்றும்.

கமடோர் 64 வெளிவந்தது 1982-இல். அதோடு வந்த 1541 டிரைவை வெறும் டிரைவாக நினைக்காதே. அதற்குள் தனியாக ஒரு 6502 பிராசஸர், 2 கேபி ரேம், 16 கேபி ரோம், அந்த ரோமுக்குள் தனி டாஸ் எல்லாம் இருக்கின்றன. கணினிக்கு ஃபிளாப்பியைப் பற்றி ஏதும் தெரியாது. டிரைவிடம் கேட்கும், அது கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். டாலர் குறியைப் பெயராகக் கொடுத்து லோட் செய்தால் டிரைவ் தன் டைரக்டரியை ஒரு பேசிக் நிரலாக வேஷம் கட்டி அனுப்புகிறது. லிஸ்ட் போட்டதும் இடப்பக்கம் வரும் பிளாக் எண்ணிக்கைகள் அந்த நிரலின் வரி எண்கள்தான். அதனால்தான் டைரக்டரி பார்த்த மறுகணம் நினைவகத்தில் இருந்த உன் நிரல் காணாமல் போகிறது. அழகான குறுக்குவழி, ஆனால் ஆபத்தானது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இதில் தங்கள் ஒரு மாலை உழைப்பை இழந்திருப்பார்கள்!

அமைப்பை மனப்பாடமாகவே தெரிந்துவைத்துக்கொள். ஒரு பக்கத்தில் 35 ட்ராக். வெளிப்புறமிருக்கும் 1 முதல் 17 வரை ட்ராக்குக்கு 21 செக்டார், 18 முதல் 24 வரை 19, 25 முதல் 30 வரை 18, கடைசி ஐந்தில் 17. மொத்தம் 683 செக்டார், ஒவ்வொன்றும் 256 பைட். ட்ராக் 18 முழுவதும் நிர்வாகத்துக்கு. அதைக் கழித்தால் புது ஃபிளாப்பியில் நீ பார்க்கும் அந்த 664 காலி பிளாக் (பிளாக் என்பதும் செக்டார்தான்). நடு ட்ராக்கை இதற்கு ஒதுக்கியது புத்திசாலித்தனம், எந்தக் கோப்புக்கும் தலை அதிக தூரம் நகர வேண்டியதில்லை.

ட்ராக் 18, செக்டார் 0 (சுருக்கமாக 18/0) என்பது பேம், அதாவது எந்த பிளாக் காலி, எது நிரம்பியது என்ற கணக்கு. ட்ராக்குக்கு நான்கு பைட்: முதல் பைட்டில் காலி செக்டார்களின் எண்ணிக்கை, அடுத்த மூன்றில் செக்டாருக்கு ஒரு பிட். பிட் 1 என்றால் காலி, 0 என்றால் நிரம்பியது. 18/1-இல் டைரக்டரி தொடங்குகிறது. செக்டாருக்கு எட்டுப் பதிவுகள், பதிவுக்கு 32 பைட், ஆக 18 செக்டாரில் அதிகபட்சம் 144 கோப்புகள். செக்டாரின் முதல் இரண்டு பைட் அடுத்த செக்டாரின் முகவரி. கடைசி செக்டாரில் அந்த இடத்தில் 0, 255 என்று இருக்கும். கோப்புகளுக்கும் இதே ஏற்பாடுதான்: ஒவ்வொரு பிளாக்கின் முதல் இரண்டு பைட்டும் அடுத்த பிளாக்கைக் காட்டும், மீதி 254 பைட்டில் தரவு. கடைசி பிளாக்கில் முதல் பைட் 0, இரண்டாவது பைட் தரவு எதுவரை என்று சொல்லும்.

இனி நான் சொல்லப்போவதையெல்லாம் ஒரே பேச்சாகச் சொல்வதானால், டைரக்டரி என்பது பட்டா, நிலம் அல்ல. பட்டாவில் பெயர் தப்பாக இருந்தால் நிலம் ஓடிவிடாது. பட்டாவில் எல்லாம் சரியாக இருந்தாலும் நிலத்தில் வேறொருவர் வீடு கட்டியிருக்கலாம். இந்த வேலைக்கு வருகிறவர்கள் பட்டாவைத் திருத்தத்தான் முதலில் ஓடுகிறார்கள். நீ நிலத்தைப் போய்ப் பார். எந்த பிளாக் எதைக் காட்டுகிறது, எங்கே முடிகிறது என்று தாளில் வரைந்து, அதன்பிறகு டைரக்டரி சொல்வதோடு ஒப்பிடு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நடந்த கதை தெரியும். கதை தெரியாமல் எழுதும் ஒவ்வொரு பைட்டும் சாட்சியை அழிப்பதுதான்.

ஆகவே முதல் வேலை நகல். ஃபிளாப்பியின் ஓரத்தில் இருக்கும் வெட்டை ஒட்டுத்தாளால் மூடு. 1541 அந்த வெட்டை ஒளியால் பார்க்கிறது. ஒளி ஊடுருவும் செலோ டேப்பை ஒட்டிவிட்டு எழுத்துத் தடை போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாதே. பிறகு ஜூம்ஃபிளாப்பி போன்ற இணைப்பு வழியாக உன் டிரைவையே யுஎஸ்பியில் மாட்டி டி64 என்ற வகைக் கோப்பாக முழு நகல் எடு. சரியான நகல் 174,848 பைட் இருக்கும். பிழைப் பட்டியலையும் சேர்த்து எடுத்தால் செக்டாருக்கு ஒரு பைட் கூடி 175,531. எப்போதும் இந்த இரண்டாவதையே எடு. எந்த செக்டார் சரியாகப் படிக்கப்பட்டது, எது அரைகுறை என்ற செய்தி அந்த 683 பைட்டில்தான் இருக்கிறது. நகல் பாதுகாப்பு போட்ட விளையாட்டு ஃபிளாப்பி என்றால் டி64 போதாது, கிரீஸ்வீசல் அல்லது கிரையோஃபிளக்ஸ் கருவியை வைத்துக் காந்தத் துடிப்புகளையே பதிவுசெய்.

பிழை எண்களைப் பார்த்ததும் இரண்டு குவியலாகப் பிரித்துவிடு. 20 முதல் 29 வரையிலானவற்றில், எழுத்துத் தடையைச் சொல்லும் 26-ஐ நீக்கிப் பார்த்தால், பெரும்பாலும் பொருள் சார்ந்த கோளாறு: தலைப்பு கிடைக்கவில்லை, ஒத்திசைவு இல்லை, தரவின் கூட்டுத்தொகை பொருந்தவில்லை. இவற்றுக்கு மருந்து எடிட்டரில் கிடையாது. தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடை, வேறு டிரைவில் போட்டுப் பார். தலை விலகிய டிரைவில் எழுதிய ஃபிளாப்பி அந்த டிரைவில் மட்டும் ஒழுங்காகப் படிக்கும். ஆகவே இரண்டு மூன்று டிரைவில் படித்து ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த செக்டார்களைச் சேர்ப்பது தப்பில்லை. அட்டைக்குள் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடவே போடாதே, அந்த ஃபிளாப்பியோடு உன் தலையும் போகும். 60, 70 வரிசையில் வருபவை வேறு வகை. 66 என்றால் எங்கோ ஒரு சங்கிலி இல்லாத ட்ராக்கைக் காட்டுகிறது. 71 என்றால் பேமில் எழுதிய எண்ணிக்கையும் பிட்டுகளும் ஒத்துப்போகவில்லை. நமக்கு வேலை இங்கேதான்.

உன் வளையத்துக்கு வருவோம். டி64-இல் 18/0 தொடங்குவது 91,392-ஆம் பைட்டில், 18/1 அதற்கடுத்த 256-இல், அதாவது 91,648-இல். ஹெக்ஸ் எடிட்டரில் அங்கே போ. ஒழுங்கான டைரக்டரி மூன்று மூன்றாகத் தாவும்: 1, 4, 7, 10, 13, 16, பிறகு 2, 5, 8 என்று. ஒவ்வொரு டைரக்டரி செக்டாரின் முதல் இரண்டு பைட்டையும் எழுதிவை. எது ஏற்கெனவே வந்த செக்டாருக்கே திரும்புகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிந்ததும் அதில் 0, 255 என்று எழுதி மூடிவிட உன் கை பரபரக்கும். பொறு. திரும்பும் செக்டார் 18/4 என்று வை. 18/7-ஐத் திறந்து பார், 18/10-ஐயும் பார். அங்கே பதிவுகள் ஒழுங்காக இருந்து, அவை காட்டும் முதல் பிளாக்குகளில் உண்மையான கோப்புகளும் தொடங்கினால், சங்கிலி அறுந்தது நடுவில். நீ எழுத வேண்டியது 18, 7. அவசரப்பட்டு மூடியிருந்தால் அதற்குப் பின்னால் இருந்த கோப்புகள் அத்தனையும் பட்டியலிலிருந்து போயிருக்கும். அடுத்து நீயே ஒரு வேலிடேட் போட்டு அவற்றின் பிளாக்குகளையும் காலி என்று அறிவித்திருப்பாய்.

இதில் இன்னொரு சாத்தியமும் உண்டு. வளையம் விபத்தாக இல்லாமலும் இருக்கலாம். ஐரோப்பாவில் 80-களின் இறுதியிலிருந்து டெமோ எழுதும் இளைஞர் குழுக்கள் டைரக்டரியையே ஓவியமாக்கினார்கள். 'டெல்' வகைப் பதிவுகளை வரிசையாக அடுக்கி, பெயருக்கான 16 எழுத்துகளில் கோடுகளும் வளைவுகளும் வரைந்து, பிளாக் எண்ணிக்கை எல்லாவற்றையும் 0 ஆக்கி வைத்திருப்பார்கள். பெயரின் நடுவில் 160 என்ற பைட்டைச் செருகினால் லிஸ்டில் மேற்கோள் குறி அங்கேயே மூடிக்கொள்ளும், மிச்ச எழுத்துகள் குறிக்கு வெளியே தொங்கும். அந்த இடத்தில் காற்புள்ளி, 8, காற்புள்ளி, 1 என்று முன்கூட்டியே எழுதிவைத்தால், பயனர் அந்த வரியின் தொடக்கத்தில் லோட் என்று தட்டினால் போதும். சிலர் வேண்டுமென்றே வளையமும் போட்டார்கள், எட்டிப்பார்ப்பவர்களை விரட்ட. சரிபார்ப்பு நிரலுக்கு இவையெல்லாம் பிழையாகத்தான் தெரியும். அது அவற்றைத் 'திருத்தி'யும் தரும். ஒரு பையன் இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்த படத்தைத் துடைத்துவிட்டு 'பிழைகள் நீக்கப்பட்டன' என்று சொல்லும். எது பழுது, எது கைவேலை என்று பிரித்தறிகிற கண் உனக்கு வர வேண்டும். அதற்கு நல்ல நிலையில் இருக்கும் ஃபிளாப்பிகளையும் நிறையப் பார்க்க வேண்டும். பழுதானவற்றை மட்டும் பார்ப்பவனுக்கு எல்லாமே பழுதாகத்தான் தெரியும்.

அழித்த கோப்புகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். இது இந்த வேலையில் சுகமான பகுதி. ஸ்க்ராட்ச் கட்டளை பதிவின் வகை பைட்டை 0 ஆக்குகிறது, அந்தப் பிளாக்குகளை பேமில் காலி என்று குறிக்கிறது. அவ்வளவுதான். பெயர், முதல் பிளாக்கின் முகவரி, பிளாக் எண்ணிக்கை, தரவுச் சங்கிலி எல்லாம் அப்படியே கிடக்கும். வகை பைட்டில் நிரலுக்கு 130, தொடர் கோப்புக்கு 129 என்று எழுதினால் கோப்பு எழுந்து வந்துவிடும். ஆனால் எழுதுமுன் ஒரு சோதனை. சங்கிலியை முதலிலிருந்து கடைசி வரை நடந்து பிளாக்குகளை எண்ணு. அதைப் பதிவின் கடைசி இரண்டு பைட்டில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடு. ஒத்துப்போனால், உயிரோடு இருக்கும் வேறெந்தக் கோப்பின் சங்கிலியும் அந்தப் பிளாக்குகளைத் தொடவில்லை என்றும் உறுதியானால், தைரியமாக மீட்டுக்கொள். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் நடுவில் யாரோ குடியேறிவிட்டார்கள். கிடைத்த வரை தனிக் கோப்பாக எடுத்துவை, டைரக்டரியைத் தொடாதே.

இரண்டு கோப்புகள் ஒரே பிளாக்கில் போய்ச் சேர்வதும் அடிக்கடி நடக்கும். ஒரு கடிதம் பாதிவரை ஒழுங்காகப் போய், திடீரென்று ஒரு விளையாட்டின் மதிப்பெண் பட்டியலாக மாறும். இங்கேயும் எண்ணிக்கைதான் நடுவர். எந்தக் கோப்பின் சங்கிலி தன் பதிவில் உள்ள எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதோ, பெரும்பாலும் அதுதான் பின்னால் எழுதப்பட்டது. பிளாக் அதற்குத்தான் சொந்தம். மற்றது வெட்டுப்பட்டது.

இப்படி ஆவதற்கு முக்கியக் காரணம் ஐடி. ஃபார்மட் செய்யும்போது கொடுக்கும் இரண்டு எழுத்து ஐடி ஒவ்வொரு செக்டாரின் தலைப்பிலும் எழுதப்படுகிறது. ஃபிளாப்பி மாறிவிட்டதா என்று டிரைவ் அறிந்துகொள்ள அதுதான் பெரிய அடையாளம். ஒரே ஐடி கொண்ட இரண்டு ஃபிளாப்பிகளை அடுத்தடுத்து மாற்றிப் போட்டால், டிரைவ் பழைய ஃபிளாப்பியின் பேமையே நினைவில் வைத்துக்கொண்டு புதியதில் எழுத வாய்ப்புண்டு. புதியதில் கோப்பு இருக்கும் இடமும் அதற்குக் காலியாகத் தெரியும். எல்லா ஃபிளாப்பிக்கும் 01 என்று ஐடி கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். முழு ஃபிளாப்பியையும் நகலெடுக்கும் நிரல்கள் ஐடியையும் சேர்த்தே நகலெடுத்ததால், கவனமாக இருந்தவர்களிடமும் இரட்டைப் பிள்ளைகள் சேர்ந்தன. 18/0-இல் தெரியும் ஐடி வெறும் காட்சிக்கு, அதை எடிட்டரில் மாற்றினால் உண்மையான ஐடி மாறாது. ஆகவே ஒரு பெட்டி ஃபிளாப்பி வந்தால் அவற்றின் ஐடிகளை முதலில் பட்டியல் போடு. எவற்றுக்குள் கலப்பு நடந்திருக்கலாம் என்று அதிலேயே தெரியும். ஒரு ஃபிளாப்பியில் காணாமல் போனதன் துண்டு இன்னொன்றில் கிடைக்கவும் செய்யும்.

வகைக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டுவரும் கோப்புகள் தனிக் கதை. எழுதத் தொடங்கி மூடாமல் விட்ட கோப்புகள் அவை. மின்சாரம் போயிருக்கும், அல்லது சிவப்பு விளக்கு எரியும்போதே யாரோ ஃபிளாப்பியை உருவியிருப்பார்கள். வகை பைட்டின் மேல் பிட் இன்னும் ஏறியிருக்காது, அதனால் 130-க்குப் பதில் 2 என்று இருக்கும். இதைச் சாதாரணமாக ஸ்க்ராட்ச் செய்யக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்பவர்கள் குறைவு. கடைசியாக எழுதப்பட்ட பிளாக் தனக்கு அடுத்தது என்று ஒரு செக்டாரைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த செக்டாரில் போயிருக்க வேண்டிய தரவு டிரைவின் ரேமிலேயே இறந்துபோனது. ஆக அங்கே கிடப்பது என்றோ அழித்த பழைய கோப்பின் மிச்சம். அந்த மிச்சம் தன் பங்குக்கு எங்கெங்கோ கை காட்டும். ஸ்க்ராட்ச் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே போய், உயிரோடு இருக்கும் கோப்பின் பிளாக்குகளையும் காலி என்று குறித்துவிட்டு வரும். வேலிடேட் அப்படிச் செய்யாது. மூடாத பதிவைத் தூக்கிவிட்டு மற்ற கோப்புகளிலிருந்து பேமைப் புதிதாகக் கட்டும். நட்சத்திரக் கோப்பை அகற்ற வேலிடேட்தான் முறையான வழி. ஆனால் அகற்றும் முன் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அரைகுறையாக நின்ற கோப்பு பெரும்பாலும் ஒருவர் கடைசியாக எழுதிக்கொண்டிருந்தது. ஓப்பன் கட்டளையில் படிப்பதற்கான ஆர் எழுத்துக்குப் பதிலாக எம் என்று கொடுத்தால் டிரைவ் மூடாத கோப்பையும் திறந்து காட்டும். எங்கே உண்மைத் தரவு முடிகிறது, எங்கே பழைய குப்பை தொடங்குகிறது என்பதை மட்டும் உன் கண்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த நிரலாலும் அது முடியாது.

அட் குறி போட்டு, இருக்கும் கோப்பின் மேலேயே சேமிக்கும் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் ஒரு பக் இருக்கிறதா இல்லையா என்று அன்றைய பத்திரிகைகளில் ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. இருந்தது. இரட்டை டிரைவான 4040-க்கு எழுதிய டாஸின் வழிவந்தது 1541-இன் டாஸ். இல்லாத இரண்டாவது டிரைவையும் கணக்கில் எடுக்கும் பழக்கம் அதற்குப் போகவில்லை. 2 கேபி ரேமில் 256 பைட் பஃபர்கள் ஐந்துதான். நெருக்கடியில் ஒரு பஃபரை இன்னொரு வேலை பிடுங்கிக்கொள்ளும், தவறான தரவு தவறான இடத்தில் போய் விழும். எப்போதாவது மட்டும் நடந்ததால்தான் பாதிப் பேர் நம்பவில்லை. பின்னால் வந்த சில ரோம்களில் சரிசெய்தார்கள். உன் மேசையில் வரும் ஃபிளாப்பி எந்த ரோமில் எழுதப்பட்டது என்று உனக்குத் தெரியாது. ஆகவே ஒரு கோப்பின் உடலில் வேறொரு கோப்பின் துண்டு காரணமில்லாமல் கிடந்தால் இதையும் சந்தேகப் பட்டியலில் வை. நீ எழுதும்போது புதுப் பெயரில் சேமித்து, பிறகு பழையதை அழி.

ஜியோஸ் ஃபிளாப்பிகளில் கூடுதல் கவனம் வேண்டும். பெர்க்லி சாஃப்ட்வொர்க்ஸ் 1986-இல் கொண்டுவந்த அந்தச் சன்னல் முறை இதே டைரக்டரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் சில கோப்புகளுக்கு முதல் பிளாக் ஓர் உள்ளடக்கப் பட்டியல், ஒவ்வொரு பகுதிக்கும் அங்கிருந்து தனிச் சங்கிலி கிளைக்கும். டிரைவின் வேலிடேட்டுக்கு இந்தக் கிளைகள் தெரியாது. பட்டியல் பிளாக்கோடு கோப்பு முடிந்தது என்று நினைத்து, மீதியை எல்லாம் காலி என்று எழுதிவிடும். அடுத்த முறை எதையாவது சேமித்தால் ஓவியமும் கடிதமும் சேர்ந்து போகும். 18/0-இல் 173-ஆம் பைட்டிலிருந்து ஜியோஸ் என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடு. ஜியோஸ் முகப்பில் அதற்கென்றே தனி வேலிடேட் உண்டு.

ஒரு கிளைப்பேச்சு. ஊருக்கு வரும்போது பழைய பள்ளிக்கூடங்களில் கிடக்கும் பிபிசி மைக்ரோக்களையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாய். 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது அந்த இயந்திரம்தான். இங்கே கற்றதை அங்கே அப்படியே கொண்டுபோகாதே. அதன் வழக்கமான டிஎஃப்எஸ் முறையில் சங்கிலியே கிடையாது. கோப்பு முழுவதும் தொடர்ச்சியான செக்டார்களில் இருக்கும், பட்டியல் ட்ராக் 0-இன் முதல் இரண்டு செக்டாரில், 31 கோப்புக்கு மேல் இடமில்லை. அழித்தால் பட்டியலிலிருந்து அந்த வரி போய் மற்றவை நகர்ந்துகொள்ளும், தரவு அங்கேயே இருக்கும். காம்பாக்ட் கட்டளையைப் போட்டால்தான் அதன் மேல் மண் விழும். அந்த இயந்திரத்தில் நீ போடக் கூடாத கட்டளை அது.

கமடோருக்குத் திரும்புவோம். இன்னும் கடினமானது ட்ராக் 18-ஏ போய்விடுவது. அது இரண்டு விதமாக நடக்கும். ஐடி கொடுக்காமல் நியூ கட்டளை போட்டிருந்தால் கவலைப்படாதே. அது பேமையும் 18/1-ஐயும் மட்டுமே வெறுமையாக்கும். 18/4-இலிருந்து பழைய பதிவுகள் அப்படியே இருக்கும், முதல் எட்டுக் கோப்புகளுக்குத்தான் பெயர் போயிருக்கும். ட்ராக்கே படிக்க முடியாமல் சிதைந்திருந்தால் நிலத்தை அளந்துதான் பட்டா எழுத வேண்டும். 664 பிளாக்கின் முதல் இரண்டு பைட்டையும் பட்டியல் போடு. யாரும் கை காட்டாத பிளாக் எதுவோ அது ஒரு கோப்பின் தொடக்கம். அதன் முதல் இரண்டு பைட்டுக்கு அடுத்த இரண்டில் 1, 8 என்று இருந்தால் அது 2049-இல் ஏறும் பேசிக் நிரல் என்று கிட்டத்தட்ட உறுதி. 1541-இலேயே ஃபார்மட் ஆகி ஒருமுறையும் எழுதப்படாத செக்டார் 75 என்ற பைட்டில் தொடங்கி, பிறகு வரிசையாக 1 என்று இருக்கும். 75 என்றொரு ட்ராக் கிடையாது, ஆகவே அதைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளலாம். டாஸ் ட்ராக் 18-இன் இரு பக்கத்திலிருந்தும் வெளியே பரவுகிறது, ஒரே ட்ராக்குக்குள் பத்துப் பத்தாகத் தாவுகிறது. 17-ஆம் ட்ராக்கில் 0, 10, 20, 8, 18, 6 என்று போகும். இந்த நடை பழகிவிட்டால், நடுவில் ஒரு பிளாக் படிக்க முடியாமல் போனாலும் சங்கிலி எங்கே தொடர்ந்திருக்கும் என்று உன்னால் ஊகிக்க முடியும். ரிச்சர்ட் இம்மர்ஸும் ஜெரால்ட் நியூஃபெல்டும் எழுதிய 'இன்சைடு கமடோர் டாஸ்' 1984-இல் வந்தது. அதைவிட நல்ல துணை இன்றும் கிடையாது, வாங்கி வைத்துக்கொள்.

கடைசியாக, மீட்டதை என்ன செய்வது என்பது. ஜெர்மனியில் பழைய சாமான் சந்தையில் வாங்கிய பெட்டி என்கிறாய், பல ஃபிளாப்பிகளில் கையெழுத்தில் 'கடிதங்கள்' என்று இருப்பதாகவும் சொல்கிறாய். ஹெக்ஸ் எடிட்டரின் வலப்பக்கத்தில் எழுத்து எதுவும் தெரியவில்லை என்று காலி ஃபிளாப்பியாக ஒதுக்கிவிடாதே. கமடோரின் எழுத்துக் குறியீட்டில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இடம் மாறியிருக்கும். ஸ்பீட்ஸ்கிரிப்ட் போன்ற எழுதும் நிரல்கள் திரைக் குறியீட்டிலேயே சேமித்தன, அதில் முதல் எழுத்தின் எண் 1. அதற்கான மாற்று அட்டவணை போட்டபிறகு தேடு.

தேடிக் கிடைத்தது யாரோ ஒருவரின் சொந்தக் கடிதம் என்றால், கோப்பு சரியாகத் திறக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பார், அதற்கு மேல் படிக்காதே. உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருந்தால் கண்டுபிடி. கொடுக்கும்போது மூன்றையும் கொடு: தொடாத முதல் நகல், நீ திருத்திய நகல், எந்த செக்டாரில் எந்த பைட்டை எதிலிருந்து எதற்கு மாற்றினாய் என்ற குறிப்பு. அவருக்கு அந்தக் குறிப்பு புரியாது என்று சொல்லிக்கொண்டு அதை எழுதாமல் விட்டுவிடாதே. பத்து ஆண்டு கழித்து உன்னைவிட நல்ல கருவியோடு வேறொரு பையன் வருவான், அவனுக்குப் புரியும். கூலி கேட்கலாமா என்றும் கேட்டிருந்தாய். டிரைவைத் துடைத்ததற்கும் நகல் எடுத்ததற்கும் கேள். ஒன்றும் மீளவில்லை என்றால் நகலுக்கு மட்டும் வாங்கு, எந்தெந்த செக்டார் ஏன் படிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்